தேறுமா தங்கச்சி?

2010ஆம் ஆண்டு, தீபாவளி முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. என் கணவரின் நண்பர் ஒருவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், பசியாறும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். தோசையைப் பிட்டு வாயில் வைப்பதற்கு முன்பே கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்து, "தங்கச்சி, இதைக் கேள்" என்று பொத்தானை அழுத்தினார். நூறு குருவிகள் ஒரே நேரத்தில் கீச்சிடும் ஓசை. நாற்காலிக்கு அடியில் படுத்திருந்த எங்கள் பூனை எழுந்து கூரையை அண்ணாந்து பார்த்தது.

"இது குருவிச் சத்தம் இல்லை தங்கச்சி, காசு" என்றார் அண்ணன்.

மலேசியாவில் எங்கள் பேராக் மாநிலத்தில் பலருக்கும் வாலிட் பறவைக் காய்ச்சல் பிடித்திருந்த காலம் அது. கடைவீட்டு மாடிகளின் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைப்பார்கள். உள்ளே இருட்டாக்கி, தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்து, ஒலிபெருக்கியில் பறவைக் குரலைப் போட்டு வாலிட் பறவைகளை வரவழைப்பார்கள். அவை எச்சிலால் கட்டும் கூட்டைச் சூப்பு வைத்துக் குடிப்பதற்குச் சீனர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். அண்ணனுக்கு அவருடைய தகப்பனார் விட்டுச்சென்ற ஒரு துண்டு நிலம் ஊருக்கு வெளியே இருந்தது. அதில் சன்னலே இல்லாத இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பப்போவதாகச் சொன்னார். செலவு 70,000 வெள்ளி (ரிங்கிட்). அந்த வருடம்தான் அவருக்கு 50 வயது நிறைந்திருந்தது. ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கில் உள்ள பணத்தை அப்போது அந்த வயதில் எடுத்துக்கொள்ள முடிந்தது. மிச்சத்துக்கு அண்ணியின் நகை.

நான் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஓர் இரும்புக்கடையில் கணக்கெழுதுபவள். மாலையில் நான்கைந்து சின்னக் கடைகளின் கணக்கையும் பார்த்துக் கொடுப்பேன். அதனால்தான் அவர் என் கணவரிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். எனக்குள் மூன்று கேள்விகள் எழுந்தன. பறவைகள் எப்போது வரும்? வராவிட்டால் சன்னல் இல்லாத வீட்டை வேறு எதற்குப் பயன்படுத்துவது? வாங்குகிறவன் ஒரே நாட்டுக்காரன் என்றால், அவன் வேண்டாம் என்று சொல்லும் நாளில் சரக்கை யாரிடம் கொண்டுபோவது? மூன்றும் தொண்டை வரைக்கும் வந்தன. அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

"நல்ல யோசனைதான் அண்ணே. இன்னொரு தோசை வைக்கட்டுமா?" என்றேன்.

அடுத்த வாரமே அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்: "கணக்குத் தெரிந்த தங்கச்சியே நல்லது என்று சொல்லிவிட்டாள்."

2011இல் சீனா மலேசியப் பறவைக்கூடுகளை இறக்குமதி செய்வதை நிறுத்தியது. சிவப்புக் கூடுகளில் நைட்ரைட் அளவு மிக அதிகமாக இருந்ததுதான் காரணம். விலை சரிந்தது. பெரிய முதலாளிகளே தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். அண்ணனை மட்டும் அந்தச் சரிவு அவ்வளவாகத் தொடவில்லை. விலை விழுந்துவிட்டதே என்று கவலைப்படுவதற்கு முதலில் விற்க ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? மூன்று வருடங்களில் அவருடைய கட்டடத்தில் எட்டே எட்டுக் கூடுகள். ஒலிபெருக்கி மட்டும் இரவு பகலாகக் கத்திக்கொண்டிருந்தது. இப்போது கீழ்த்தளத்தை ஓர் உரக்கடைக்காரர் கிடங்காக வாடகைக்கு எடுத்திருக்கிறார். நகை திரும்பவில்லை.

ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில், அண்ணன் என்னைக் கேட்டார்: "அன்றைக்கே உனக்குத் தெரியுமா தங்கச்சி?"

பொய் சொல்ல ஒரு நொடி வாய் திறந்தேன். பிறகு, "சந்தேகம் இருந்தது அண்ணே" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பேன்" என்றார். "ஆனால் ஒரு மாடியோடு நிறுத்தியிருப்பேன்."

எனக்குக் கிடைத்த பாடம் அந்த ஒரு மாடிதான். அதற்கு முன், நண்பர்களின் திட்டங்களுக்கு உண்மையைச் சொல்வது என்றால் 'ஆகும்' அல்லது 'ஆகாது' என்று தீர்ப்புச் சொல்வது என்றுதான் நினைத்திருந்தேன். தீர்ப்புச் சொல்லத் தைரியம் இல்லாததால் வாயை மூடிக்கொண்டேன். அண்ணனுக்குத் தேவைப்பட்டதோ வேறு. கனவை யாராலும் நிறுத்த முடியாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. அதன் அளவைக் குறைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. 70,000த்தை 30,000 ஆக்கியிருக்கக்கூடிய அந்தப் பேச்சைத்தான் நான் ஒரு தோசையைப் போட்டு மூடிவிட்டேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் ஏன் இப்படித் திட்டங்களில் மயங்குகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலியாகக் கேட்பதுண்டு. எனக்கு அதில் கேலி தோன்றுவதில்லை. என் அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா களை எடுத்தார். விடியுமுன் பெரட்டு, அதாவது பெயரைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்துவது. மழை பிடித்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாள் சம்பளத்தில் கடிக்கும். எவ்வளவு வேகமாக ஓடி வெட்டினாலும் தோட்டத்து எழுத்தரான கிராணி எழுதுவதுதான் கணக்கு. பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், லயங்கள் என்ற தோட்டத்து வரிசை வீடுகள் காலியாயின, நாங்கள் தாமான் என்னும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்தோம். அந்த வாழ்க்கையிலிருந்து வந்தவனுக்கு 'சொந்தமாக ஒரு கடை' என்பது யாரும் பெயரைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தாத ஒரு காலை. வருமானம் எல்லாம் அதற்குப் பிறகுதான். அவனிடம் போய் "இது தேறாது" என்றால், சொல்வது நானாக இருந்தாலும் அவன் காதில் விழுவது தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரின் குரல். உடனே முறுக்கிக்கொள்வான்.

முறுக்கு என்றதும் இரண்டாவது கதைக்கு வந்துவிடுகிறேன். இதில் குற்றவாளி முழுக்க முழுக்க நான்.

பறவை வீட்டு விஷயத்துக்குப் பிறகு, இனி யார் வந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். 2014இல் முதல் பலியாக வந்து மாட்டியவள் என் சிறுவயதுத் தோழி. லயத்தில் அடுத்தடுத்த வீடு, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. கோயில் திருவிழாவுக்காக நாங்கள் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து காய்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். வருடம் முழுக்க முறுக்கும் ஓமப்பொடியும் சுட்டு விற்கப்போவதாக அவள் சொன்னாள்.

"யார் வாங்குவார்கள்?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தீபாவளிக்கு எல்லார் வீட்டிலும் சுடுகிறார்கள். மற்ற மாதத்தில் இந்த ஊரில் இருப்பது கிழவனும் கிழவியும். அவர்களுக்குப் பல்லே இல்லை, நீ முறுக்கு விற்கப்போகிறாயா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு பதினான்கு மாதங்கள் என்னோடு பேசவில்லை.

இடையில் என்ன நடந்தது என்பது எனக்கு ஒரு கடையின் கணக்குக் கோப்பு வழியாகத்தான் தெரிந்தது. நான் கணக்குப் பார்க்கும் மளிகைக்கடையில் மைதா, கடலைமாவு, எண்ணெய் என்று மாதாமாதம் மொத்தமாக ஒருவருக்கு விற்றதற்கான ரசீதுகள். பெயரைப் பார்த்தால் அவள். 900 வெள்ளியில் ஓர் அடுப்பும் இரண்டு முறுக்கு உரல்களும் வாங்கி ஆரம்பித்திருக்கிறாள். பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவளுடைய நாத்தனார் வாரம் அறுபது பொட்டலங்களைக் கொண்டுபோய்த் தன்னோடு வேலை செய்பவர்களிடம் விற்றிருக்கிறாள். அங்கிருந்து இன்னொரு தொழிற்சாலை, அங்கிருந்து ஜொகூர். மூன்றாம் வருடம் அவளிடம் மூன்று பெண்கள் வேலை செய்தார்கள்.

நான் சுங்கை சிப்புட்டின் தலைகளை மட்டும் எண்ணியிருக்கிறேன். தோட்டத்தைவிட்டுப் பிறைக்கும் ஷா ஆலாமுக்கும் ஜொகூருக்கும் போன பிள்ளைகளை எண்ணவில்லை. அவர்கள் போகும்போது வீட்டைத்தான் விட்டுப் போனார்கள், நாக்கைக் கையோடு கொண்டுபோனார்கள். அவளுக்கு அது தெரிந்திருந்தது. சொல்ல விடாமல் நான்தான் சிரிப்பை மூட்டிவிட்டேன்.

இதில் என்னை இன்னும் உறுத்துவது ஒன்று உண்டு. "யார் வாங்குவார்கள்?" என்பது சரியான கேள்வி. ஒரு வியாபாரத்தைப் பற்றிக் கேட்க அதைவிட நல்ல கேள்வி கிடையாது. தனியாக, தேநீர் ஆற்றிக் கொடுத்து, பதிலுக்குக் காத்திருந்து கேட்டிருந்தால் அவள் நாத்தனாரைப் பற்றிச் சொல்லியிருப்பாள், நானும் வாயடைத்திருப்பேன். அத்தனை பேர் நடுவில் கேட்டதால் அதே கேள்வி ஏச்சாக மாறிவிட்டது. அன்றிலிருந்து கோயில், கல்யாண வீடு, கருமாதி, புலனக் (வாட்ஸ்அப்) குழு எதிலும் யார் திட்டத்தைப் பற்றியும் வாய் திறப்பதில்லை. "வீட்டுக்கு வாருங்கள், பேசலாம்" என்பதோடு சரி.

மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போய்ப் பத்துப் பொட்டலம் முறுக்கு வாங்கினேன். முழு விலையும் வாங்கிக்கொண்டாள். சில்லறைகூடக் குறைக்கவில்லை.

என்னைப்போன்ற கணக்குப் பிள்ளைகளுக்கு வரும் நோய் இதுதான்: எல்லாவற்றிலும் நட்டம் தெரியும். எங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டுகிறவர்களிடமே காசு சேர்த்துத் தோட்டங்களை வாங்குவது திட்டம். அன்றைக்கு யாராவது அதை என்னிடம் கொண்டுவந்து "தேறுமா?" என்று கேட்டிருந்தால், நாள்கூலிக்காரர்கள் சேர்ந்து துரைமாரின் தோட்டத்தை வாங்குவதா என்று பல் விஷயத்தை இழுத்திருப்பேன். மறு வருடமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கிவிட்டார்கள். சங்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தத் திட்டத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 100 வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். திட்டம் கவிழ்ந்திருந்தாலும் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்திருக்காது. பெரிய கனவுதான், ஆனால் தலைக்குச் சிறிய பணயம். அண்ணனின் பறவை வீடு இதற்கு நேர் எதிர்.

இந்த இரண்டு அடிகளுக்கும் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக எனக்கென்று ஒரு வழி அமைந்தது. அதை முழுதாகக் கையாண்டது 2023 ஆகஸ்டில்.

வந்தவர் என்னைவிட இளையவர், அக்கா என்று கூப்பிடுவார். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்து 55 வயதில் ஓய்வு பெறுபவர். சேமநிதியில் 168,000 வெள்ளி. அதில் 120,000த்தைப் போட்டு ஈப்போ போகும் பழைய சாலையில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை திறக்கப்போகிறார். பெயர்ப்பலகையின் நிறம்வரை முடிவாகியிருந்தது. மனைவியும் கூட வந்திருந்தார். சமைக்கப்போவது அவர்தான். அன்று அவர் பேசியது "தண்ணீர் போதும் அக்கா" என்பது மட்டும்.

முதலில் நான் கேட்பது, காசு கைமாறிவிட்டதா என்பதை. இது மிகவும் முக்கியம். முன்பணம் கட்டி, ஒப்பந்தம் போட்டு, இயந்திரம் இறக்கிவிட்டு வருகிறவரிடம் யோசனை நல்லதா கெட்டதா என்று பேசுவது கொடுமை. பழச்சாறு இயந்திரம் வாங்கிவிட்டு வந்த ஒரு தம்பியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எத்தனை மாதம் பார்ப்பது, நிறுத்தினால் இயந்திரத்தை யாரிடம் விற்கலாம், கடை வாடகை ஒப்பந்தத்தில் இடையில் விலக வழி இருக்கிறதா, இவ்வளவுதான் பேசினோம். இவர் கடைக்கு முன்பதிவாக 500 வெள்ளி மட்டும் கொடுத்திருந்தார். "அப்படியானால் பேசலாம் தம்பி" என்றேன்.

பிறகு திட்டத்தை முழுதாகச் சொல்லவிட்டேன், குறுக்கே பேசவில்லை. முக்கால் மணி நேரம் ஆனது. அவர் நினைவில் இருந்தது 1980களின் சாலை. வெளியூர் பஸ்கள் நின்று ஆட்கள் இறங்கிச் சாப்பிட்ட காலம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுதாகத் திறந்த பிறகு அந்தக் கூட்டம் ஊருக்குள் வருவதில்லை என்பது அவருக்கும் தெரியும். தினமும் அந்தச் சாலையில்தான் வேலைக்குப் போய்வந்தார். ஆனாலும் ஆசைக்குக் கண் கிடையாது.

அடுத்து ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினேன். பேனாவையும் அவரிடமே கொடுத்தேன். நான் எழுதினால் அது என் கணக்கு, அதோடு சண்டை போடலாம். அவர் கையெழுத்தில் இருந்தால் சண்டை போட ஆள் இருக்காது.

"எத்தனை ஆட்கள் வைப்பீர்கள்?"

"மூன்று பேர்."

அப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,500. மூவருக்கு 4,500. சேமநிதிக்கு முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, அது 585. தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவும் மற்றதும் சேர்த்து ஏறக்குறைய 90. கடை வாடகை 1,800. கேஸ், மின்சாரம், தண்ணீருக்கு அவரே போட்ட தொகை 1,200. கூட்டினால் 8,175 வெள்ளி. ஓர் இலை சாப்பாடு 8 வெள்ளி என்று வைத்தார். அரிசி, காய்கறி, எண்ணெய், இலை எல்லாம் போக 4 வெள்ளி நிற்கும் என்றார். நின்றால் நல்லது, நான் வாதாடவில்லை. மாதம் 26 நாள் கடை. வகுத்துப் பார்த்தால், நாளொன்றுக்கு 79 இலை போட்டால்தான் கையைக் கடிக்காது. இதில் கணவன் மனைவி இருவருக்கும் ஒரு காசு சம்பளம் இல்லை. வீட்டுக்கு 3,000 வெள்ளி வேண்டும் என்றால் 108 இலை.

"108 நல்ல எண்ணாயிற்றே அக்கா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் அந்த எண்ணைச் சுற்றி இரண்டு தரம் வட்டம் போட்டதைப் பார்த்தேன்.

அதுவரை பேசாமலிருந்த மனைவி வாய் திறந்தது அப்போதுதான். "நான் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று யாராவது எழுதினீர்களா?"

எழுதவில்லை. நானும் கேட்கவில்லை, அதை இன்றுவரை ஒரு குறையாகவே வைத்திருக்கிறேன். 108 இலைக்கு மூன்று காய், சாம்பார், ரசம், மீன் குழம்பு. காலை 4 மணிக்கு எழுந்தால்தான் முடியும். இரவு பாத்திரம் கழுவி முடிக்க 9 ஆகும். அவருக்கு முழங்கால் வலி. அந்தப் பெண்மணி ஒரு வருடமாகக் கணவரின் திட்டத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், இதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும், உழைக்கப்போகிற ஆள் கூட வந்திருக்கிறாரா என்று பார்க்கிறேன். வராவிட்டால் அவரையும் கூட்டிக்கொண்டு இன்னொரு நாள் வரச் சொல்கிறேன்.

அந்த இடத்தில் நான் ஒரு சின்னக் கணக்குச் சேர்த்தேன். அதற்கு முந்தைய ஆண்டுக்குச் சேமநிதி கொடுத்த இலாப ஈவு 5.35 விழுக்காடு. 120,000த்தை அங்கேயே விட்டுவைத்தால் அந்தக் கணக்கில் வருடம் 6,420 வெள்ளி, மாதம் 535. அடுப்பே பற்ற வைக்காமல். கடை நடத்தினால் முதலில் இந்த 535ஐத் தாண்டிவிட்டுத்தான் இலாபம் என்று பேச வேண்டும். பலருக்கு இது தோன்றுவதே இல்லை. கையில் இருக்கும் காசு சும்மா கிடக்கிறது என்றே நினைக்கிறார்கள்.

"அப்படியானால் வேண்டாம் என்கிறீர்களா அக்கா?" அவர் குரல் இறுகிவிட்டது.

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. முன்பெல்லாம் இங்கேதான் நான் சறுக்குவேன். இப்போது என் பதில் ஒன்றே ஒன்று: "எனக்குத் தெரியாது தம்பி. உங்களுக்கும் தெரியாது. போய் எண்ணிப் பார்ப்போம்." ஊரில் ஏற்கெனவே நன்றாக ஓடும் ஒரு சாப்பாட்டுக் கடையின் எதிரே, பகல் 12 மணி முதல் 2 மணி வரை, ஒரு செவ்வாய்க்கிழமையும் ஒரு சனிக்கிழமையும் உட்கார்ந்து உள்ளே போகும் தலைகளை எண்ணச் சொன்னேன். செவ்வாயன்று 41, சனியன்று 96. பத்து வருடப் பெயர் உள்ள கடைக்கே அவ்வளவுதான். அந்த இரண்டு எண்களையும் அவரே எழுதிக்கொண்டு வந்து காட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பதிலாகக் கேட்டது இதுதான்: "எவ்வளவு போனால் நீங்கள் இருவரும் சண்டை போடாமல் தூங்குவீர்கள்?" இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு மறுநாள் சொன்ன தொகை 14,000. அந்தப் பணத்துக்குள் எது முடியுமோ அது. காலைப் பசியாறலுக்கு ஓர் ஒட்டுக்கடை: நாசி லெமாக், தோசை, தே தாரிக். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் "14,000 தீர்ந்தால் கடை தீர்ந்தது" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பெயரைப் பதிவுசெய்ய நிறுவனங்கள் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் வருடத்துக்கு 60 வெள்ளி, நகராண்மைக் கழகத்தின் உரிமம், உணவைக் கையாளுவோருக்கான பயிற்சி, டைபாய்டு தடுப்பூசி எல்லாம் ஒழுங்காக முடித்தார்கள். ஊரில் பலர் 60 வெள்ளி கட்டிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய அன்றே வியாபாரம் தொடங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு கதை.

கடை பதினொரு மாதம் ஓடியது. பிறகு அந்த அம்மாவின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை, மூடினார்கள். கணக்குப் பார்த்தால் 9,300 வெள்ளி நட்டம். அவர் மாதம் ஒருமுறையாவது என் வீட்டுக்கு வருகிறார், சிரித்துப் பேசுகிறார். மிச்சப் பணம் சேமநிதியில் இருக்கிறது. நான் சொன்னது சரியா என்று கேட்டால், அவர் நட்டப்பட்டதைப் பார்த்து என் கணக்கு வென்றதாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. 41ம் 96ம்தான் அந்த வீட்டைக் காப்பாற்றின. எண்ணியது அவர்.

நோட்டுப் புத்தகத்தை எடுக்காமலே வாசலில் வைத்தே முடிக்கும் விஷயங்களும் உண்டு. மாதம் பத்து விழுக்காடு இலாபம் நிச்சயம், ஆள் சேர்த்தால் மேலும் வரும் என்று ஒருவர் வந்தால், அதில் கணக்கே கிடையாது. மென்மையாகப் பேசவும் இடமில்லை. பிரமிட் திட்டங்களை 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டமே தடுக்கிறது, மத்திய வங்கியான பேங்க் நெகாரா எச்சரிக்கைப் பட்டியலும் வெளியிடுகிறது, முதலில் அதைப் பாருங்கள் என்று நேராகச் சொல்லிவிடுவேன். கூட்டு (சீட்டு) பிடித்து முதல் போடுகிறேன் என்பவர்களுக்கும் அப்படித்தான். கூட்டு நடத்துவதைத் தொழிலாக வைத்துக்கொள்வதற்கு 1971லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். நடத்துகிறவர் ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால், காசை இழந்தவர் எங்கே போய் முறையிடுவார்? சிறு தொழில்களுக்குக் கடன் கொடுக்கும் அரசு அமைப்பான தெக்குனில் இந்தியர்களுக்கென்று உள்ள கடனுதவியைப் பற்றிக் கேட்பவர்களிடம், அது கடன், மானியம் இல்லை என்பதை இரண்டு தடவை சொல்வேன். ஒரு தடவை சொன்னால் காதில் ஏறுவதில்லை.

ஜாமீன் கையெழுத்துக் கேட்டால்? "உங்கள் திட்டம் நல்லதோ கெட்டதோ, நான் யாருக்கும் கையெழுத்துப் போடுவதில்லை." இதைச் சொல்ல மூன்று நாள் யோசிப்பதாகச் சொல்லக்கூடாது. அந்த மூன்று நாளும் அவர் ஆம் என்று நம்பிக்கொண்டிருப்பார். நான் ஒருமுறை அப்படி இழுத்து ஓர் உறவையே கெடுத்துக்கொண்டேன். பங்குதாரராகச் சேரக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான், இதே வேகத்தில்.

ஒட்டுக்கடையை மூடியபோது அவர் தன் கடையின் சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலிகளில் ஆறை என் வீட்டு முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனார். "யோசனை கேட்க வருகிறவர்களுக்கு ஆகும் அக்கா" என்றார். அதிலிருந்து எல்லாரும் அவற்றில்தான் உட்காருகிறார்கள். முதுகு சாய இடமில்லாததால் பேச்சும் கொஞ்சம் சீக்கிரம் முடிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பறவை வீட்டு அண்ணன் அண்ணியோடு வந்தார். 65 வயது. கைப்பேசியை மேசையில் வைத்தார். இந்த முறை குருவி இல்லை, போயர் ஆடுகள் வரிசையாக நின்று தீனி தின்னும் காணொளி. அந்தப் பூனை இப்போது இல்லை, அதன் பேத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. உரக்கிடங்குக்குப் பின்னால் கிடக்கும் நிலத்தில் கொட்டகை போட்டு நாற்பது ஆடுகள் என்றார். தீபாவளிக்கும் ஹரிராயா ஹாஜி என்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் விலை எப்படி ஏறும் என்று விரலை மடக்கி எண்ணிக் காட்டினார். முகம் மறுபடியும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

நான் தோசையைச் சூடாக வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தேன். அண்ணியையும் உள்ளிருந்து கூப்பிட்டு இன்னொரு முக்காலியில் உட்கார வைத்தேன். காசு எதுவும் கொடுத்துவிட்டீர்களா என்றேன். இல்லை என்றார். புல் யார் வெட்டுவது என்று அண்ணி கேட்டார். அண்ணன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"நாலு ஆட்டில் ஆரம்பித்தால் என்ன அண்ணே?" என்றேன்.

"நாற்பது எங்கே, நாலு எங்கே! பத்தாவது வேண்டாமா?"

தோசை ஆறிக்கொண்டிருந்தது. பத்து எட்டாகி, எட்டு ஆறாகியிருக்கிறது. இந்த ஞாயிறும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நான் இன்னும் நாலில்தான் நிற்கிறேன்.